இடக்கையன் விவகாரம்: சம்பந்தி அம்மாவுக்கு ஒரு முழு விளக்கம்

மதிப்பிற்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

உங்கள் சின்ன மருமகளைப் பெற்றவள் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மகளும், உங்கள் இரண்டு பிள்ளைகளும், உங்கள் மூத்த மருமகளும் சுகமாக இருக்கிறோம். சம்பிரதாயத்துக்காக இதை எழுதவில்லை. ஐந்து வாரத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் இந்த வரியைக் கை கூசாமல் எழுத முடிகிறது. அங்கே உங்கள் மகள் வீட்டில் எல்லோரும் சுகம்தானே? உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இரத்த அழுத்தம் குறைந்திருக்கும் என்று நம்புவதற்கில்லை. அதற்கு நானே ஒரு காரணம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கடிதம்.

முதலில் முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பிள்ளைகளின் மூக்குக்கண்ணாடிக் கடை பிரியவில்லை. யாருக்கும் விற்கவும் இல்லை. பதினாலு கோடி என்று ஒரு தொகை நம் இரண்டு குடும்பத்தையும் சல்லடை போட்டுச் சலித்தாலும் கிடைக்காது. போன வெள்ளிக்கிழமை நீங்கள் தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்க பொண்ணு காலெடுத்து வச்சு நாலு வருஷம் ஆகல, அதுக்குள்ள என் பசங்க ரெண்டா நிக்கிறாங்க, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டீர்கள். நான் பதில் சொல்ல ஏழு முறை கூப்பிட்டேன். ஏழு முறையும் மணி அடித்து அடித்து நின்றது. எட்டாவது முறை உங்கள் பேரன் எடுத்து, "பாட்டி குளிக்கிறாங்க" என்றான். பின்னாலிருந்து, "குளிக்கிறேன்னு சொல்லுடா" என்று உங்கள் குரலும் கேட்டது. நான் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பெற்ற வயிறு அப்படித்தான் பதறும். ஆனால் உங்களுக்குச் செய்தி சொன்ன, கடைக்குப் பக்கத்துத் தையல் கடை அம்மா பாதியைத்தான் கேட்டார், கேட்டதிலும் பாதியைத்தான் புரிந்துகொண்டார் என்பதை மட்டும் சொல்லியாக வேண்டும்.

உங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு பேஸ்பால் லீக்கில் இருக்கிறார்கள். மைதானத்துக்குப் போய் ஆடுவதில்லை. உங்கள் மூத்த பிள்ளை பெரிய தம்பியின் முதுகுக்கும், சின்னவர் என் மாப்பிள்ளையின் வயிற்றுக்கும் அது ஆகாது. எல்லாம் கணினிக்குள். பேஸ்பால் என்றால் கிரிக்கெட் மாதிரிதான், மட்டை மட்டும் உருண்டையாக இருக்கும், ஓடுகிறவர்கள் வட்டமாக ஓடி வருவார்கள், இதற்கு மேல் எனக்கும் தெரியாது. பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஓர் அணிக்குச் சொந்தக்காரர்கள். ஆட்டக்காரர்கள் யாரும் உண்மையில் கிடையாது. கணினியே பெயர் வைத்து, வயது வைத்து, திறமை வைத்து உண்டாக்குகிறது, கணினியே ஆட்டத்தையும் ஆடி முடித்துவிடுகிறது. அப்படியானால் மனிதர்களுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். சம்பளம் போடுவதுதான் வேலை. எந்த ஆட்டக்காரருக்கு எத்தனை வருட ஒப்பந்தம், என்ன சம்பளம், எப்போது நீட்டிப்பது, எப்போது விடுவிப்பது, அவ்வளவுதான் விளையாட்டு. ஓர் அணியின் மொத்தச் சம்பளம் நூறு கோடியைத் தாண்டக் கூடாது. அத்தனையும் எழுத்துக் கோடி. ஒரு காசு கை மாறுவதில்லை. பேருந்துப் பணிமனையின் சம்பளப் பிரிவில் முப்பத்தொரு வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்த எனக்கு, அதையே ஆசைப்பட்டு, வேலை முடிந்து வந்த பிறகு, சும்மா செய்கிற ஆட்களும் உலகத்தில் உண்டு என்று தெரிந்தபோது தலை சுற்றியது.

இதில் பெரிய தம்பியின் அணியில் ஒரு பந்தெறிபவர் இருந்தார். பெயர் வாயில் நுழையாது, வீட்டில் எல்லோரும் இடக்கையன் என்றுதான் சொல்வார்கள். பத்தொன்பது வயதில் யாரும் சீந்தாதபோது பெரிய தம்பி எடுத்து, நான்கு சீசனாக வளர்த்து, இப்போது லீக்கிலேயே முதல் ஆள். அவருடைய ஒப்பந்தம் முடிகிற வருடம் இது. குறிப்பிட்ட ஒரு சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நீட்டிப்புப் படிவத்தை அனுப்பினால் பதினோரு கோடிக்கு இன்னும் மூன்று வருடம் பெரிய தம்பியிடமே இருப்பார். ஆறு மணி தாண்டினால் சுதந்திர ஆள், யார் வேண்டுமானாலும் ஏலம் கேட்கலாம். கேட்டவரை ஒரு மணி நேரத்துக்குள் வேறு யாரும் மிஞ்சாவிட்டால் அவருக்கே சொந்தம்.

அந்தச் சனிக்கிழமைதான், சம்பந்தி அம்மா, என் மகள் வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவ மாப்பிள்ளை அண்ணனைக் கூப்பிட்டார்.

சூழ்ச்சி எதுவும் இல்லை. தொட்டியின் வாய் சின்னது, மாப்பிள்ளை அதற்குள் போக முடியாது. போன வருடம் முயற்சி செய்து இடுப்போடு நின்றுவிட்டார், என் மகள் எண்ணெய் கொண்டுவர வேண்டியிருந்தது. பெரிய தம்பி ஒல்லி. அவர் மூன்று மணிக்கு உள்ளே இறங்கினார். ஐந்தரைக்கு நினைவூட்ட அலைபேசியில் மணி வைத்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் இறங்கினார். நான்கு மணிக்குக் குனிந்து சுரண்டும்போது அலைபேசி நழுவி, முழங்கால் அளவுத் தண்ணீரில் விழுந்து, அங்கேயே கண்ணை மூடிவிட்டது. மனிதர் அதைத் துடைத்து மேலே கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். தொட்டிக்குள் வெயில் தெரியாது, நேரமும் தெரியாது. வெளியே வந்தபோது ஆறாக ஏழு நிமிடம். உடம்பெல்லாம் பாசி, மணி அடிக்காததால் படிவத்தின் நினைப்பே இல்லை. "முதல்ல குளிச்சிடறேன்" என்று துண்டை வாங்கிக்கொண்டு குளியலறைக்குள் போய்விட்டார்.

ஆறு மணி பத்து நிமிடத்துக்கு மாப்பிள்ளை எதேச்சையாகக் கணினியைத் திறந்தார். சுதந்திர ஆட்கள் பட்டியலில் முதல் பெயர் இடக்கையன்.

இதற்கு மேல் நடந்ததை எழுத எனக்கே வெட்கமாக இருக்கிறது, ஆனால் என் மாப்பிள்ளை என்பதற்காக மறைக்கப் போவதில்லை. அவர் பதினாலு கோடிக்கு ஏலம் கேட்டுவிட்டார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. பெரிய தம்பி குளித்துத் தலை துவட்டிக்கொண்டு வந்து, உட்கார்ந்து, டீ குடித்து, நாலு பிஸ்கட் சாப்பிட்டு, "தொட்டி இனிமே ஒரு வருஷம் தாங்கும்டா" என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு மணி நேரமும் ஏலம் திறந்துதான் இருந்தது. மாப்பிள்ளை வாயைத் திறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாராம். "ஏன் இவர் இப்படி முழிக்கிறார், வயிறு சரியில்லையோ என்று நினைத்தேன்" என்கிறாள் என் மகள். ஏழு மணி பத்து நிமிடத்துக்கு இடக்கையன் மாப்பிள்ளையின் ஆள் ஆகிவிட்டார். பெரிய தம்பி செருப்பை மாட்டிக்கொண்டு, "வரேன்மா" என்று என் மகளிடம் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகக் கிளம்பிப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவியின் கணினியைத் திறந்து பார்த்திருக்கிறார். உங்கள் மூத்த மருமகள் சொல்கிறாள், "அவர் கத்தலை அத்தை. கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். எழுந்துபோய் அலமாரிச் சட்டையெல்லாம் எடுத்து மறுபடி மடிச்சு வச்சார்." மாப்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டு, நான் எடுக்காவிட்டால் பல் டாக்டர் எடுத்திருப்பார், உனக்காகத்தான் காப்பாற்றி வைத்திருக்கிறேன், வேண்டுமானால் திருப்பித் தருகிறேன் என்றாராம். பல் டாக்டர் அந்த லீக்கின் செயலாளர். ஆனால் ஏலத்தில் எடுத்த ஆளை ஒரு சீசன் முழுக்க யாருக்கும் கைமாற்றக் கூடாது என்று அதிலேயே ஒரு விதி இருக்கிறது. திருப்பித் தருகிறேன் என்றதும் பொய்யாகப் போய்விட்டது. பெரிய தம்பி, "டீ நல்லா இருந்துச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை நின்றது.

கடை உங்களுக்குத் தெரியாததல்ல. முன்னால் இருட்டறையில் பெரிய தம்பி கண் பரிசோதிப்பார், பின்னறையில் மாப்பிள்ளை லென்ஸ் அறுத்துத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவார், நடுவே ஒரு சின்னத் திறப்பு. எப்போதும் அந்தத் திறப்பு வழியாக இரண்டு பேரும் கத்திக்கொண்டேதான் வேலை செய்வார்கள். இப்போது சீட்டு மட்டும் வந்து விழுந்தது. ஒரு நாள் பெரிய தம்பி ஒரு வங்கி மேலாளருக்குப் பவர் எழுதிய சீட்டில் பேனா சரியாக எழுதவில்லை, மைனஸ் கோடு பாதிதான் விழுந்திருக்கிறது. முன்பென்றால் "அண்ணா, இது பிளஸ்ஸா மைனஸா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல் போதும். பேசக் கூடாதே! மாப்பிள்ளை சீட்டை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, தானே பிளஸ் என்று முடிவு செய்து தேய்த்துவிட்டார். மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலடி நடந்து, வாசலில் விளம்பரத்துக்கு நிறுத்தியிருக்கும் அட்டைப் பெண்ணிடம் போய், "எவ்வளவு ஆச்சும்மா?" என்று கேட்டிருக்கிறார். பதில் வராததால், "பில் போட்டுக் குடுங்க, நான் நிக்கிறேன்" என்று நின்றும் இருக்கிறார். பெரிய தம்பி ஓடிப்போய்க் கையைப் பிடித்து உட்கார வைத்து, மன்னிப்புக் கேட்டு, வேறு கண்ணாடி செய்து கொடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மேலாளர் போன பிறகுதான் அந்தச் சண்டை. மூன்று வாரமாகப் பேசாததையெல்லாம் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் கொட்டியிருக்கிறார்கள். தையல் கடை அம்மா கேட்டது அதைத்தான். "பதினாலு கோடியைக் குடுத்து என் ஆளை எடுத்துக்கிட்டவன்தானே நீ" என்று பெரிய தம்பி சொன்னது உண்மை. "ஒப்பந்தத்துல கையெழுத்து போட மறந்தது யார் தப்பு" என்று மாப்பிள்ளை சொன்னதும் உண்மை. இரண்டையும் சேர்த்துத் தைத்தால் சொத்துத் தகராறு மாதிரித்தான் இருக்கும், தையல் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கடைசியில் ஒரு வார்த்தை வந்தது. அது லீக்கைப் பற்றியது அல்ல, அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன். "இனிமே ஒரே கடையில எதுக்குடா, நான் வேற இடம் பாத்துக்கறேன்" என்றிருக்கிறார் பெரிய தம்பி. சொன்னதோடு நிற்கவில்லை, மறுநாள் மதியம் கடையைப் பூட்டிவிட்டு இரண்டு தெரு தள்ளி வாடகைக்கு வந்த ஓர் அறையைப் போய்ப் பார்த்தும் வந்துவிட்டார். ஆக, தையல் கடை அம்மா சொன்னதில் அந்த ஒன்று நிஜம்.  ஐந்து வாரமும் நான் ஒழுங்காகத் தூங்கவில்லை என்று நான் சொல்லவில்லை, என் பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்வார்கள்.

இப்போது என் மகள் விஷயம். அவள்தான் பிரித்தாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். உங்கள் இரண்டு மருமகள்களும் இந்த ஐந்து வாரத்தில் ஒரு நாள்கூடப் பேசாமல் இருந்ததில்லை. கணவன்மாருக்குத் தெரியாமல், மூத்தவள் வேலை பார்க்கிற கூரியர் அலுவலகத்தின் பின்பக்கம், மதிய இடைவேளையில் சந்தித்து, என்ன செய்வது என்று இரண்டு பேரும் சேர்ந்து அழுதிருக்கிறார்கள். அழுது முடித்துவிட்டு உருப்படியாக ஒரு காரியமும் செய்தார்கள். லீக்கின் விதிப் புத்தகம் முழுவதையும், நாற்பத்து நான்கு பக்கம், கூரியர் அலுவலக இயந்திரத்தில் அச்செடுத்து, நீங்கள் என்னைக் கூப்பிட்ட அதே வெள்ளிக்கிழமை மாலை இரண்டு பேருமாக என் வீட்டு மாடிப்படி ஏறி வந்தார்கள்.

"அத்தை, நீங்க முப்பது வருஷம் இதையேதானே படிச்சீங்க. இதுல எங்கேயாவது ஒரு ஓட்டை இருக்கும், பாத்துச் சொல்லுங்க" என்றாள் மூத்தவள்.

"அம்மா, இவங்க ரெண்டு பேரும் பேசலைன்னா நான் இனிமே தண்ணித் தொட்டியே கழுவ விட மாட்டேன்" என்றாள் என் மகள், என்னவோ தொட்டிதான் குற்றவாளி மாதிரி.

சனிக்கிழமை முழுக்கப் படித்தேன். பென்சில் வைத்துக்கொண்டு, மூன்று முறை. உள்ளதைச் சொல்கிறேன், சம்பந்தி அம்மா, முதல் முறை வெறுப்பாக இருந்தது, இரண்டாம் முறை பழக்கமாக இருந்தது, மூன்றாம் முறை ஆனந்தமாக இருந்தது. எங்கள் பணிமனை விதிகளை எழுதியவர்களைவிட இதை எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். மாலை நாலு மணிக்குப் பத்தொன்பதாம் பக்கத்தில் பென்சில் நின்றது. ஒப்பந்தம் முடியும் முன் ஓர் ஆட்டக்காரரை விடுவித்தால், அவருடைய சம்பளத்தில் பாதி அந்த சீசன் முடியும்வரை அணியின் கணக்கில் இருந்துகொண்டே இருக்கும் என்று போட்டிருந்தது. உடனே மகளைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை அன்றைக்கு யாரையாவது விடுவித்தாரா என்று கேட்டேன். விடுவித்திருக்கிறார். அவர் அணியின் சம்பளம் தொண்ணூற்றிரண்டு. இடக்கையனுக்கு இடம் வேண்டும் என்று எட்டுக் கோடி வாங்குகிற ஒருவரை அவசரத்தில் கழற்றிவிட்டு, தொண்ணூற்றெட்டுதானே, வரம்புக்குள்தான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். எட்டில் பாதி நான்கு அப்படியே நிற்கிறதே! நூற்றிரண்டு. வரம்பு தாண்டிவிட்டது. அந்த ஏலமே செல்லாது.

ஏலம் செல்லாவிட்டால் இடக்கையன் என்ன ஆவார் என்று தேடினேன். இருபத்தேழாம் பக்கம். ஏலம் நடந்த நாற்பது நாளுக்குள் அது செல்லாது என்று தெரிந்தால், பழைய சொந்தக்காரருக்கு மூன்று நாள் அவகாசம் தர வேண்டும், பழைய நீட்டிப்புச் சம்பளத்துக்கே எடுத்துக்கொள்ளலாம். நான் விரல் விட்டு எண்ணினேன். அன்றைக்கு முப்பத்தைந்தாவது நாள். பணிமனையில் ஓட்டுநர்களின் நிலுவைப் படியைக் கண்டுபிடித்துக் கொடுத்த நாளில்கூட எனக்கு அப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

ஒரு நிமிடம் யோசித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மாப்பிள்ளையின் ஏலத்தை நானே செல்லாததாக்குவதா? ஆனால் யோசித்தது ஒரு நிமிடம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. இரண்டு மருமகள்களும் ஆளுக்கொரு பொய் சொல்லித் தங்கள் தங்கள் கணவர்களைக் கடைப் பின்னறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நான் முன்னாலேயே போய், தேய்க்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெரிய தம்பி உள்ளே வந்தார், தம்பியைப் பார்த்தார், திரும்பிப் போகப் பார்த்தார், வாசலில் மூத்தவள் நின்றாள். வேறு வழியில்லாமல் லென்ஸ் பெட்டிகளை எண்ணுகிற மாதிரி சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். நான் பத்தொன்பதாம் பக்கத்தைப் படித்தேன். இருபத்தேழாம் பக்கத்தைப் படித்தேன். படித்து முடித்துப் புத்தகத்தை மூடினேன். என் மகள் என்னைப் பார்த்தாள், நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். கோபித்துக்கொள்வார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவர் முகத்தைக் கையால் துடைத்துக்கொண்டு, "செல்லாதா அத்தை? நிஜமாவே செல்லாதா?" என்றார். "செல்லாது மாப்பிள்ளை." "அப்பாடா" என்று, இயந்திரத்துத் தண்ணீர் சொட்டிய ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

பெரிய தம்பி சுவரைப் பார்த்தபடியே சொன்னார்: "இடக்கையன் போனது பெரிசில்ல அத்தை. நான் குளியலறைலதான் இருந்தேன். ஒரு தட்டு தட்டி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். டீயும் ஊத்திக் குடுத்து, எதிர்லயே உக்காந்திருந்தான்."

"தட்டத்தான் வந்தேன் அண்ணா" என்றார் மாப்பிள்ளை. "கதவுக்கு வெளியில வந்து நின்னேன். அப்புறம் ஆசை வந்துடுச்சு. உன்கிட்ட இருக்கறதையெல்லாம் பாத்துப் பாத்து, ஒரு தடவை, என்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டுமேன்னு. உள்ளே நீ பாடிட்டிருந்தே. அதைக் கேட்டதும் இன்னும் தட்ட முடியல."

"நான் பாடுவேனா?"

"தண்ணி ஊத்தும்போதெல்லாம் பாடுவே. சின்ன வயசுலேர்ந்து."

பெரிய தம்பி திரும்பினார். மூத்த மருமகளைப் பார்த்தார். "ஆமா, பாடுவீங்க, நல்லா இருக்காது" என்றாள் அவள். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் அடக்கினார், அப்புறம் முடியவில்லை. கீழே உட்கார்ந்திருந்த தம்பியின் தலையில் ஒரு தட்டு தட்டி, "எழுந்திருடா, பேன்ட் நனையுது" என்றார். ஐந்து வாரத்துக்குப் பிறகு அவர் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கோபமில்லாமல் சொன்ன முதல் வார்த்தை அதுதான், சம்பந்தி அம்மா. என் மகள் இயந்திரத்தின் பின்னால் போய் மூக்கைச் சிந்தினாள்.

ஆனால் காரியம் முடியவில்லை. பெரிய தம்பியின் அணியில் இடக்கையனுக்குப் பதினோரு கோடி இடம் இல்லை. ஐந்துதான் இருந்தது. கோபத்தில் அந்த மாதம் கண்டவர்களையெல்லாம் ஏலத்தில் எடுத்துப் போட்டிருந்தார். யாரையாவது விடுவித்தால் பாதி நிற்கும், புதிதாக எடுத்தவர்களைக் கைமாற்ற முடியாது. அண்ணனும் தம்பியும் ஒரே கணினியில் தலையை முட்டிக்கொண்டு, "இவனைக் குடுத்துடு", "இவனை யாருடா வாங்குவான்" என்று தேடினார்கள். கடைசியில் ஒரு பிடிப்பாளர் அகப்பட்டார். ஏழு கோடி சம்பளம், பந்து எங்கே வந்தாலும் வேறு எங்கேயோ கையை நீட்டுவாராம், மூன்று வருடமாகப் பெரிய தம்பி அவரைத் தள்ளிவிடப் பார்த்து முடியவில்லை. மாப்பிள்ளை கொஞ்சமும் யோசிக்காமல், "அவனை நான் எடுத்துக்கறேன்" என்றார்.

"டேய், அவன் ரொம்ப மோசம்டா."

"தெரியும். பரவாயில்ல, குடு."

எனக்குப் பேஸ்பால் தெரியாது, ஆனால் ஒரு மனிதர் மன்னிப்புக் கேட்பது தெரியும்.

அங்கேயே நான் லீக் செயலாளருக்குப் பொருள், பார்வை, பத்தி எண் எல்லாம் போட்டு ஒரு முறையான மனு எழுதினேன், மாப்பிள்ளை அதைக் கணினியில் அடித்து அனுப்பினார். கொஞ்சம் பயம் இருந்தது, ஏனென்றால் அந்தப் பல் டாக்டருக்கும் இடக்கையன் மேல் ஒரு கண் உண்டு. ஆனால் நல்ல மனிதர். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: ஏலம் செல்லாது, மூத்த சகோதரர் எடுத்துக்கொள்ளலாம். இந்த மனுவை எழுதியவர் யார், இவ்வளவு சுத்தமான மனுவைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை, அவருக்கு இலவசமாகப் பல் சுத்தம் செய்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தார். பெரிய தம்பி திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கெல்லாம் படிவத்தை அனுப்பிவிட்டார். மூன்று வருட ஒப்பந்தம். இந்த முறை அனுப்பிவிட்டாயா என்று தம்பி இரண்டு முறை திறப்பு வழியாகக் கத்திக் கேட்டாராம். அந்த வாடகை அறைக்காரரிடம் வேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. நேற்று நான் என் கண்ணாடிக்குத் திருகு போடக் கடைக்குப் போனேன். வாசலிலேயே இரண்டு பேரின் கூச்சலும் கேட்டது. வங்கி மேலாளர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, புதுக் கண்ணாடியில், அட்டைப் பெண்ணைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ கோவிலுக்குப் போய்விட்டு வந்த மாதிரி இருந்தது.

ஆகையால் சம்பந்தி அம்மா, மனதை அலட்டிக்கொள்ள வேண்டாம். உங்கள் பிள்ளைகள் இரண்டாக நிற்கவில்லை, ஒன்றாகத்தான் நிற்கிறார்கள், அதுவும் தரையைத் துடைத்துவிட்டு. என் மகள்மேல் உங்களுக்கு இருந்த வருத்தம் இப்போது இருக்காது என்று நம்புகிறேன். இருந்தாலும் அதை என்னிடமே சொல்லுங்கள், அவளிடம் வேண்டாம். நான் பேசியதில், எழுதியதில் குறை ஏதும் இருந்தால் வயதை நினைத்துப் பொறுத்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் அதே வயதுதான். உங்கள் மகளுக்கும் அவள் வீட்டுக்காரருக்கும் என் அன்பு. பொய் சொல்லத் தெரியாத உங்கள் பேரனுக்கு என் தனி ஆசீர்வாதம். எல்லாரும் நோய் நொடி இல்லாமல், வாய்விட்டுச் சிரித்து, நீண்ட காலம் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மரியாதைக்குரிய சம்பந்தியாக என்றும் இருக்க விரும்பும்,
சின்ன மருமகளின் அம்மா

பி.கு.: கடிதத்தை நேற்றே ஒட்டியிருக்க வேண்டும், தபால்தலை இல்லாமல் நின்றது. அதற்குள் இதையும் எழுத வேண்டியதாகிவிட்டது. நேற்று மாலை புது ஒப்பந்தத்தில் இடக்கையன் ஆடிய முதல் ஆட்டத்திலேயே, இரண்டாம் சுற்றில், கணினி அவருடைய தோள்பட்டையைக் கழற்றிவிட்டது. இரண்டு சீசனுக்கு எழ முடியாதாம். ஆனால் சம்பளம் முழுக்கப் போய்க்கொண்டிருக்கும். அந்த உதவாக்கரைப் பிடிப்பாளரோ தம்பியின் அணிக்கு வந்த அன்றே மூன்று ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்துவிட்டாராம். இன்று காலை பெரிய தம்பி என் வீட்டுக்கு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மிகவும் பணிவாக, "அத்தை, தம்பியோட அந்த ஏலம் செல்லும்னு சொல்ற மாதிரி ஏதாவது விதி இருக்கான்னு ஒரு தடவை பாக்கறீங்களா?" என்று கேட்டார். அவர் எதிரிலேயே புத்தகத்தைப் புரட்டினேன். முப்பதாம் பக்கமும் முப்பத்தொன்றாம் பக்கமும் அச்சு மை காயாமல் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன, நான் மூன்று முறையும் கவனிக்கவில்லை. பிரித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வயது தாண்டியவரை விடுவித்தால் பாதிச் சம்பளம் நிற்காது என்று போட்டிருக்கிறது. மாப்பிள்ளை அன்றைக்குக் கழற்றிவிட்டவருக்கு வயது முப்பத்தாறு. அந்த ஏலம் செல்லும். முதல் நாளிலிருந்தே செல்லும். "அப்படி எதுவும் இல்ல தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். முப்பத்தொரு வருட வேலையில் நான் ஒரு விதியை மறைத்தது இதுதான் முதல் தடவை. அந்தப் பக்கத்தை உருவி இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். இனிமேலாவது நான் கூப்பிட்டால் தொலைபேசியை எடுங்கள்.